ஏரி வரைந்த கால்மிதி

அவர் யாரையும் முதலில் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. முதலில் கால். பிறகு கால் நிற்கிற இடம். அந்த இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே எவ்வளவு தயக்கம் கிடக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் தலையை நிமிர்த்தி, "சொல்லு கண்ணு" என்பார். என்னிடம் அவர் பேசிய முதல் வாக்கியமே, "உன் செருப்பு வார் இன்னிக்கி அறுந்துடும்" என்பதுதான். அன்று சாயங்காலமே அறுந்தது.

என் கைப்பேசியில் அவர் 'மேட் அக்கா'. சேலையூரில், கேம்ப் ரோட்டில், ராஜகீழ்ப்பாக்கத்தில் கடை வைத்திருந்த பலருடைய கைப்பேசியிலும் அப்படித்தான். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாசலில் போடுகிற அலங்காரக் கால்மிதிகளைச் செய்து கொடுப்பது அவர் தொழில். புல்தரை மாதிரி அடர்ந்து நிற்கும் தேங்காய் நார், அடியில் ரப்பர், மேலே அந்தந்தக் கடைக்கென்று ஒரு படம், ஒரு நிறம். வாராவாரம் வந்து, வேறொன்றை மாற்றிப் போட்டுவிட்டு, அழுக்கானதை எடுத்துப் போய் உதறிக் கழுவிக் கொண்டுவருவதும் அவரே. ஸ்கூட்டரின் முன்பக்கம் சுருள்கள், பின்பக்கம் சுருள்கள். தூரத்திலிருந்து பார்த்தால், சுருட்டி வைத்த தோட்டம் ஒன்று வேளச்சேரி சாலையில் தானாக நகர்ந்து வருவது போலிருக்கும். நடுவில் ஒரு ஹெல்மெட் தெரிந்தால் அவர் அதற்குள் இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் அப்போது விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு லோகோ வரைந்துவிடக் கை துடித்த காலம். கேம்ப் ரோட்டில் ஒரு மொபைல் கடையில் போனுக்கு உறை வாங்க நின்றிருந்தேன். எதிர்ச்சாரியில் ஒரு பெண் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து ஒன்று குறுக்கே போனது. போன பிறகும் அதே இடத்தில் அதே பார்வை. பிறகு எழுந்து சாலையைக் கடந்து வந்து, கடைக்குள் ஏறாமல், வாசலிலேயே நின்று கேட்டார்.

"அண்ணா, உள்ள வர்றவன் இன்னாத்த மிதிச்சுகினு வர்றான், பாத்தீங்களா?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பழைய தேர்தல் பேனர் ஒன்றை நான்காக மடித்துப் போட்டிருந்தார்கள். கைகூப்பிய வேட்பாளர் ஒருவரின் முகம், மீசை வரைக்கும் தெரிந்தது.

"மழைக்கு போட்டதுக்கா."

"ஜெயிச்சவரா, தோத்தவரா?"

"தோத்தவரு."

"அப்ப சரி. அடுத்த தபா ஜெயிச்சிட்டார்னா இன்னா பண்ணுவீங்க?"

கடைக்காரர் அந்த மீசையை முதல்முறையாகக் கவலையோடு பார்த்தார். அதற்குள் அக்கா பேனரை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஸ்கூட்டரிலிருந்து எடுத்து வந்த ஒரு சுருளை உருட்டி விட்டார். கருநீல நார்ப்பரப்பு. மூலையில் சின்னதாய் மஞ்சள் மின்னல். கடைக்கே திடீரென்று சட்டை மாற்றிவிட்டது போல இருந்தது. நான் வாயைத் திறந்து பாராட்டப் போனேன். அவர் அதைக் கவனிக்காமல் சாலையோரக் குட்டையை நோக்கி நடந்தார். செருப்போடு அதில் இறங்கினார். சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, புத்தம்புதுக் கால்மிதியின் நடுவே நிதானமாக ஏறி நின்றார்.

"இன்னாக்கா இது," என்றார் கடைக்காரர், அழாத குறையாக.

"புதுசா கீதுன்னா ஜனம் மிதிக்க பயப்படும். மொத காலை நான் வெச்சிட்டேன். இனிமே தைரியமா வருவாங்க."

அந்த நிமிடம் நான் அவர் பக்கம் சேர்ந்துவிட்டேன். கூடவே என் செருப்பு வாரைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய கால்மிதிகளுக்குப் படம் வரைவது நான். அதைப் பிளாஸ்டிக் தாளில் அச்சாக வெட்டி, மேலே வைத்துச் சாயம் அடிப்பது அவர்.

சாயம் அடிக்கிற இடம் இரும்புலியூரில் அவர் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடி. வெளிப்படிக்கட்டு வழியாகவே ஏறிவிடலாம். கைப்பிடிச் சுவர் முழுக்கக் கால்மிதிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்: மருந்துக்கடையின் பச்சை, ஸ்வீட் ஸ்டாலின் ஆரஞ்சு, பல் மருத்துவரின் வெளிர்நீலம். கீழே ரயில் போகும். மேலே விமானம் தாழ்ந்து போகும். இரண்டுக்கும் நடுவே, எங்கேயும் போகாமல், ஊரின் வாசல்கள் எல்லாம் அந்தச் சுவரில் கிடந்து உலர்கிற மாதிரி எனக்குத் தோன்றும். காற்றடித்தால் சாயத்தூள் சரிந்து அவர் பாதத்தில் விழும். அவருடைய கால்விரல்களைப் பார்த்தே அந்த வாரம் எந்தக் கடைக்கு வேலை நடந்தது என்று சொல்லிவிடலாம். சுண்டுவிரலில் மருந்துக்கடை, பெருவிரலில் ஸ்வீட் ஸ்டால். அவர் அதைத் துடைத்ததே இல்லை.

ஊருக்கெல்லாம் வாசலை அலங்கரித்தவரின் வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுமே கிடக்காது. வெறும் சிமெண்டுத் தரை.

"ஏன்க்கா, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கலாமே?"

"இங்க யாரு வர்றாங்க?" என்றார், அச்சுத்தாளைத் தட்டிக்கொண்டே. சொன்ன விதத்தில் வருத்தமிருந்ததா என்று நான் யோசிப்பதற்குள், "அந்த மஞ்சளை எடு, காஞ்சிடப் போவுது" என்று பேச்சை நகர்த்திவிட்டார். நானும் மஞ்சளை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு அப்போதெல்லாம் ஓட்டம்தான்.

புதுக் கால்மிதியில் சேற்றுக்காலை வைக்கிற பழக்கம் எங்கே தொடங்கியது என்று அவர் சொல்லவில்லை. படப்பையில் இரும்புக்கடை வைத்திருந்த பாய் சொன்னார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். பாய் எங்களுக்குத் தேநீர் வரவழைத்து, அக்காவைக் கிண்டல் செய்வதற்கென்றே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொத தடவ வந்தப்ப இது இன்னா பண்ணுச்சு தெரியுமாம்மா? சிவப்பு மேட்டு. ஓரத்துல தங்க கலர் பூ. நான் சொன்னேன், தங்கச்சி, இது ஆணி விக்கிற கடை, நிக்காஹ் மண்டபம் கணக்கா ஆக்கிட்டியேன்னு. கேக்கல."

"இமேஜ் பாய், இமேஜ். ரோட்ல போறவன் திரும்பிப் பாக்கணும்னு சொன்னேன்," என்றார் அக்கா.

"பாத்தான். பாத்துட்டு போயிட்டான்."

மிச்சத்தையும் பாயே சொன்னார். கலவை போடுகிற ஆட்கள் சிமெண்டுக் காலோடு வந்து, சிவப்பைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்றிருக்கிறார்கள். அங்கிருந்தபடியே, "பாய், ரெண்டு இஞ்ச் ஆணி அரை கிலோ, இங்கயே குடுத்துடு" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து சிவப்பைச் சுருட்டியிருக்கிறார்.

"மூஞ்சி செத்துப்போச்சும்மா இதுக்கு. நான்கூட திட்டல. 'தப்பு பண்ணிட்டேன் பாய், வெளிய நிறுத்திட்டேன்'னு இதே பாட்டு. விடு தங்கச்சி, ஆணிதானே, எங்க நின்னு வாங்குனா இன்னான்னேன். அதுக்கு என்ன ஒரு மொறப்பு மொறச்சுது பாரு."

அன்றைக்கு அவர் கொண்டுவந்து போட்ட சாம்பல்நிறக் கால்மிதியில் சிமெண்டைக் கரைத்துத் தன் காலாலேயே மிதித்துவிட்டுப் போனாராம். அதுதான் ஆரம்பம். பாய் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அக்காவும் சிரித்தார். ஆனால் அவர் கடைக்கு வெளியே, அந்தச் சாம்பல்நிறத்தின் மேலேயே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்ததை அன்று நான் கவனித்தேன். அவருக்கென்று பாய் போட்ட இன்னொரு ஸ்டூல் உள்ளே காலியாக இருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் எந்தக் கடைக்குள்ளும் போய் நான் பார்த்ததில்லை. கணக்கு, பேரம், கேலி, எல்லாமே வாசலில்தான். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு மழைநாளில் வந்தவர், கேட்டுக்கு மேலிருந்த சன்ஷேடுக்குக் கீழேயே நின்றுவிட்டார். அம்மா குடையோடு போய்க் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்க, நனையறீங்களே."

"ஈர காலும்மா. தரை கெட்டுடும்."

"மேட் போட்டிருக்கே. நீங்க குடுத்ததுதான்."

"அது உங்க வூட்டுக்கு வர்றவங்களுக்கு."

அம்மா காபியை கேட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "என்னடி ஜம்பம் இது" என்றாள். எனக்கு ஜம்பமாகத் தெரியவில்லை. என்னவாகத் தெரிந்தது என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு வாசல் திறந்திருந்தது. அண்ணி மனநல ஆலோசகர். பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, செம்பாக்கம் ஏரிக்குப் போகிற தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக ஆரம்பித்தாள். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மணிபிளாண்ட், அண்ணி. யாரும் வரவில்லை. வராமல் இல்லை, வாசல் வரை வந்தார்கள். போர்டைப் படித்தார்கள். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பக்கத்து மாவு அரைக்கிற கடைக்கு வந்தது போல நடந்துபோனார்கள். அந்த மாவு மெஷின்காரர் அண்ணன் காதுபடவே, "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறாங்களாம், யாரு ஒத்துக்கினு போவான்" என்றார்.

அறைக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். ஏரிப்பாசன நிலம் எல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு, மாலை நடையில் தன் கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. ஒருநாள் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டார்.

"மா, எம் பையன் தண்ணி கேன் பிசினஸ் ஆரம்பிக்கணும்னு நிக்கறான். ஆடியில எதுவும் தொடங்க மாட்டோம். ஆவணி பொறக்கறதுக்குள்ள உனக்கு ஆளுங்க வந்து போயிகினு இருந்தா இரு. சும்மா பூட்டி வெச்ச மாதிரி கெடந்தா எதுக்கு, சொல்லு. நான் தப்பா சொல்லல."

தப்பாகச் சொல்லவில்லைதான். அண்ணி அன்றிரவு அண்ணனிடம், ஆவணிக்குள் முடியாவிட்டால் ஓ.எம்.ஆரில் ஒரு ஹெச்.ஆர். வேலை இருக்கிறது, போய்விடுகிறேன் என்றாள். வேலைதானே என்றுதான் சொன்னாள். சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவள் குழாயைத் திறக்காமலே நின்றுகொண்டிருந்தாள்.

நான் விடுவேனா. மறுநாளே மேட் அக்காவை அழைத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். அவர் எதிர்ச்சாரியில் குத்துக்காலிட்டு வாசலைப் பார்த்தார். எவ்வளவோ கடை பார்த்தவர், அந்த வாசலை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"கஷ்டமான வாசல் கண்ணு," என்றார்.

நான் ஏற்கெனவே லோகோ வைத்திருந்தேன். தாமரை, அதன் நடுவில் ஒரு குத்துவிளக்கு, சுடர் மனித முகம் மாதிரி. மனசுக்குள் வெளிச்சம் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். "சோக்கா கீது" என்று அக்காவும் குதித்தார். இரண்டு பேரும் மாடியில் கைக்கு ஓய்வில்லாமல் வேலை பார்த்து, மரூன் நிறத்தில் பொன்மஞ்சள் விளக்கை ஏற்றிக் கொண்டுவந்து போட்டோம். முதல் காலடி வைக்க அக்கா சேற்றோடு வந்தார். விளக்குக்குப் பக்கத்தில் வந்ததும் கால் எழவில்லை. தூக்கின காலைத் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விளக்கை எப்படி மிதிப்பது? அந்த ஒரு கேள்வி எங்கள் இருவருக்குமே அதுவரை தோன்றவில்லை.

அவர் அன்றே சுருட்டிக்கொண்டு போகிறேன் என்றார். ஒருநாள் கிடக்கட்டும் என்றேன் நான், ஆசை விடாமல். மறுநாள் காலை பால் பாக்கெட் போடுகிற அம்மா செருப்பை விட்டுவிட்டு, குனிந்து விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். கூரியர் கொண்டுவந்தவர் ஒரே தாண்டாகத் தாண்டினார். பத்து மணிக்கு, ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள், மஞ்சள் பையோடு, செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, சுவரோரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு ஜாதகத்தை எடுத்து அண்ணி முன்னால் வைத்தார்.

"பொண்ணுக்கு நேரம் எப்டிம்மா கீது, பாத்து சொல்லு."

அண்ணி ஜாதகத்தையும் அவரையும் பார்த்தாள். "எனக்கு நேரம் பாக்கத் தெரியாதும்மா. பொண்ணு எப்படி இருக்கான்னு நீங்க சொன்னா கேப்பேன்."

அந்த அம்மாள் எழுந்து போய்விடுவார் என்றுதான் நான் மூலையில் நின்று நினைத்தேன். அவர் ஜாதகத்தை மெதுவாக மடித்தார். "அவ மூணு மாசமா ரூமை விட்டே வர மாட்டேங்கறாம்மா," என்று ஆரம்பித்தார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அந்த அறையின் கதவு வேலை நேரத்தில் சாத்தப்பட்டது அதுவே முதல் தடவை.

அடுத்த கால்மிதியில் எழுத்தில்லை, லோகோவில்லை. அக்கா என்னை விடிகாலையில் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆகாயத்தாமரைக்கு நடுவே நாமக்கோழிகள் கறுப்புப் பொட்டுகளாக மிதந்தன. தண்ணீர் சாம்பலா நீலமா என்று சொல்ல முடியாத நேரம்.

"இத்த வரை. இத்த மிதிச்சா பாவமில்ல. தண்ணில காலை வெக்கற மாதிரி நெனச்சுப்பாங்க," என்றார்.

வரைந்தேன். நான் செய்த வேலைகளில் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது அதுதான். வாசலில் விரித்தபோது அறைக்கு முன்னால் ஏரியின் ஒரு துண்டு வந்து ஒதுங்கியது போலிருந்தது. அக்கா வைத்த முதல் சேற்றுத்தடம் அடுத்த வாரம் கழுவியதில் போய்விட்டது. ஆனாலும் ஆடி பிறந்துவிட்டது. ஜாதக அம்மாள் மகளோடு ஒரு தடவை வந்தார். அவ்வளவுதான். சொந்தக்காரர் நடைக்கு வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "மா, ஏரி அப்டியே புதுசா கீதே," என்று மட்டும் சொன்னார். நான் அதை அக்காவிடம் ஒப்பித்தேன்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை ஆடிமாதச் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. அக்கா வந்தார். வழக்கமாகக் கால்மிதியை மாற்றிப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகிறவர், அன்று எடுக்கவில்லை. சேற்றுச் செருப்போடு ஏரியின் நடுவே ஏறி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"உள்ள வாங்க," என்றாள் அண்ணி.

"ஈர காலு."

அண்ணி எங்கள் அம்மா மாதிரி வற்புறுத்தவில்லை. நாற்காலியை இழுத்து வந்து நிலைப்படிக்கு உள்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். என்னிடம், "நீ போய் பஜ்ஜி வாங்கிட்டு வா, மெதுவா வா," என்றாள். மெதுவாக என்ற சொல்லை என்னிடம் யாரும் வீணாக்குவதில்லை. புரிந்துகொண்டு போனேன். பொட்டலத்தோடு திரும்பியபோது தெருமுனையிலிருந்தே பார்த்தேன். அக்கா நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மழையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். யாருடைய காலையும் பார்க்காமல் அவர் பேசி அன்றுதான் பார்க்கிறேன். நான் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினார். "பஜ்ஜி ஆறிடுச்சா கண்ணு?" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அப்படித்தான். அவர் கால்மிதி மேல், அண்ணி நிலைப்படிக்கு உள்ளே, நடுவே ஒரு மரச்சட்டம். நான் பஜ்ஜிக்கடையில். அந்த ஒரு கால்மிதியை மட்டும் அவர் கழுவ எடுத்துப் போகவில்லை. ஏரியில் சேறு படிந்தது. நாமக்கோழி ஒன்று மங்கியது.

சொந்தக்காரர் கவனித்துக்கொண்டே இருந்தார். ஆடி முடியப் போகிற ஒரு மாலையில் அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆளுங்க வர்றாங்க போலக் கீதே மா. ஏரி கலங்கிப் போச்சு," என்றார். அந்த வாரம் உண்மையிலேயே ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஜாதக அம்மாள் சொல்லி இரண்டு பேர். தினமும் மாவு வாங்குகிற சாக்கில் கடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண். தூக்கம் வராத ஓர் ஆட்டோக்காரர். அவர்களும் சேற்றின் மேல்தான் மிதித்து வந்தார்கள். தங்களுக்கு முன்னால் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

"பையன் முடிச்சூர்ல ஒரு ஷட்டர் பாத்துகினான். நீ இரு மா," என்று சொல்லிவிட்டுச் சொந்தக்காரர் நடையைத் தொடர்ந்தார். அண்ணி அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து, மணிபிளாண்டுக்குத் தேவையில்லாமல் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு தடவை.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "அண்ணி, அக்கா ஓனர் கண்ணுல படணும்னு சேறு பண்ண வந்தாங்களா, இல்ல உங்ககிட்ட பேச வந்தாங்களா?"

"அது அவங்க விஷயம். சொன்னது இந்த ரூமைத் தாண்டாது."

"அவங்க ரூமுக்குள்ளயே வரலியே."

"வாசலும் ரூம்தான்," என்றாள் அண்ணி. மேலே ஒரு வார்த்தை பெயரவில்லை. இன்றுவரை பெயரவில்லை.

பிறகு நான் பெங்களூருக்கு வேலைக்குப் போனேன். அக்கா ஒரகடம் பக்கம் குடிமாறினார் என்று பாய் சொன்னார். தொழிற்சாலை வரவேற்பறைகளுக்குப் பெரிய பெரிய கால்மிதிகள் செய்வதாகக் கேள்வி. பழைய எண்ணை அழைத்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அண்ணியின் வாசலில் மட்டும் அதே ஏரி கிடக்கிறது. புதுசு போடலாம் என்று ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் நான் வரைபடத்தோடு நிற்கிறேன். அண்ணி வேண்டாம் என்கிறாள்.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது அந்த ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை. மழையில்லை. ஸ்கூட்டரில் ஒரு சுருள்கூட இல்லை. அப்படிப் பார்க்க அது ரொம்பச் சின்ன வண்டியாக இருந்தது. அவர் கால்மிதி மேல் வழக்கமான இடத்தில் நின்றார். அண்ணி வழக்கம்போல நாற்காலியை இழுக்கப் போனாள்.

"இருக்கட்டும்," என்றார் அக்கா.

செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தார். தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டார். வேலை எதுவும் செய்யாத வாரம் போலிருக்கிறது, விரல்களில் சாயமே இல்லை. பிறகு நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார். நேராக, முதலில் முகத்தை.

"உள்ள வரவா?"

"வாங்க," என்றாள் அண்ணி.

அவர் நிலைப்படியைத் தாண்டினார். கதவு சாத்தப்பட்டது.

நான் வெளியே இருந்தேன். பஜ்ஜி வாங்கப் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை. சும்மா நிற்கத் தெரியாத நான், போய் அந்தக் கால்மிதி மேல் நின்றேன். நடந்து போகிறவர்களின் தடம் ஏரி முழுக்கப் பரவலாக, ஓர் ஒழுங்கில்லாமல் இருந்தது. நடுவில் மட்டும் நார் அழுந்தி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு என் கால்களை அவற்றில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. விரல்கள் வெளியே நின்றன. அவருடைய பாதம் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை நாளும் அதிலிருந்த நிறங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. தெருவில் மாவு வாங்கிக்கொண்டு போனவர்கள் என்னைப் பார்த்தார்கள். கதவு திறக்கும்வரை நான் நகரவில்லை.